தவிடு அப்படியே வெளியே வந்தால் சத்தும் போய்விட்டதா?

கேள்வி: எனக்கு 47 வயது. ஆறு மாதமாகத் தீட்டிய தானியத்தை விட்டுவிட்டு முழுத்தானியத்துக்கு மாறியிருக்கிறேன். தவிட்டில் ஃபெருலிக் அமிலம், லிக்னான் என்று ஏதேதோ நல்ல பொருள்கள் இருப்பதாகப் படித்தேன். கல்லூரியில் படிக்கும் என் மகனோ, "அதுல நூத்துக்கு அஞ்சு பங்குகூட ரத்தத்துல சேராதும்மா, கேப்சூலா போட்டாத்தான் சேரும்" என்கிறான். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, மலத்திலும் தவிட்டுத் துணுக்குகள் அப்படியே வருவதைப் பார்க்கிறேன். போன மாதம் பல் வைத்தியத்துக்காக ஒரு வாரம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும் போய்க்கொண்டிருக்கிறது. நான் சாப்பிடும் தவிட்டை என் உடம்பு என்னதான் செய்கிறது, மேடம்?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கூச்சமே வேண்டாம். ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கும் நாலு கேள்வியில் இரண்டு அதைப் பற்றித்தான் இருக்கும். நீங்கள் பார்த்தது உண்மை. உங்கள் மகன் சொன்ன கணக்கிலும் பெரிய தப்பு இல்லை. கோதுமைத் தவிட்டைச் சாப்பிடக் கொடுத்து, அடுத்த 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து, அதில் ஃபெருலிக் அமிலம் எவ்வளவு என்று அளந்தால், சாப்பிட்டதில் சில சதவீதம்தான் அகப்படும். ஆனால் அந்தக் கணக்கு ஃபெருலிக் அமிலத்தை அந்தப் பெயரிலேயே தேடுகிறது. உடம்புக்குள் போனபின் அது அந்தப் பெயரில் ரொம்ப நேரம் இருப்பதில்லை. ஊர் மாறி, பெயர் மாறிப் போனவரைப் பழைய முகவரியில் தேடினால் "ஆளில்லை" என்றுதான் பதில் வரும்.

முதலில் அது தானியத்தில் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். கோதுமை மணியின் எடையில் ஏறக்குறைய 83 சதவீதம் நடுவிலுள்ள மாவு. தவிடு 14, 15 சதவீதம். மிச்சம் முளை. மாவுக்கும் வெளித்தோலுக்கும் இடையே அலுரோன் என்று ஒரு அடுக்கு உண்டு. கோதுமையில் ஒரே ஒரு வரிசைச் செல்கள், பார்லியில் இரண்டு மூன்று வரிசை. படிக்கிற காலத்தில் ஒரு கோதுமை மணியைக் குறுக்காக மெல்லிசாகச் சீவி, புற ஊதா விளக்கு வைத்த நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். நடுப்பகுதி மங்கிக் கிடந்தது. ஓரத்தில் மட்டும் செங்கல் அடுக்கியதுபோல் கட்டம் கட்டமாக நீல வெளிச்சம். அந்த நீலத்தைக் கொடுப்பது பெரும்பாலும் ஃபெருலிக் அமிலம்தான். ஒளிர்ந்தது செல்லின் உள்ளே இல்லை, செல்லைச் சுற்றியிருக்கும் சுவர். உங்கள் கேள்விக்கான பாதி விடை அந்த ஒரு காட்சியில் இருக்கிறது.

ஏனென்றால், தானியத்தின் ஃபெருலிக் அமிலம் பழத்தின் சர்க்கரை மாதிரி கரைந்து கிடப்பதில்லை. அராபினோசைலான் என்ற நீண்ட நார்ச்சங்கிலியோடு வேதிப் பிணைப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளின் ஃபெருலிக் அமிலங்கள் இரண்டு கைகோத்துச் சுவரை இன்னும் இறுக்கும். கோதுமையில் இருப்பதில் 90 சதவீதத்துக்கும் மேல் இப்படிக் கட்டுண்டதுதான். செடி இதைச் செய்தது நமக்காக இல்லை. பூஞ்சையும் பூச்சியும் சுவரை உடைத்து உள்ளே வரக்கூடாதே என்பதற்காகச் செய்தது. அந்தச் சுவரைத்தான் நாம் மென்று விழுங்குகிறோம்.

வாயும் இரைப்பையும் சிறுகுடலும் இந்தப் பிணைப்பை அதிகம் ஒன்றும் செய்துவிட முடியாது. மாவுச்சத்தை உடைக்க நம்மிடம் நொதி இருக்கிறது, புரதத்தை உடைக்க இருக்கிறது. அராபினோசைலானை உடைக்க இல்லை. கட்டுப்படாமல் இருக்கும் சிறு பங்கு மட்டும் சிறுகுடலின் மேற்பகுதியிலேயே வேகமாக ரத்தத்துக்குப் போய்விடும். மீதி அத்தனையும் சாப்பிட்டு நாலைந்து மணி நேரம் கழித்துப் பெருங்குடலின் வாசலுக்கு வந்து சேர்கிறது. உங்கள் மகனின் கணக்கு ஏறக்குறைய இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது.

வேலை தொடங்குவதே இங்கேதான். பெருங்குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களில் சிலவற்றிடம் அந்தப் பிணைப்பை மட்டும் குறிபார்த்து வெட்டும் நொதி உண்டு. ஒன்று ஃபெருலிக் அமிலத்தைக் கழற்றும், இன்னொன்று சங்கிலியின் கிளையை வெட்டும், வேறொன்று தண்டைத் துண்டாக்கும். ஒரே ஒரு இனத்தால் ஆகிற காரியம் இல்லை. ஒன்று போட்ட மிச்சத்தை இன்னொன்று தின்னும். நார் கரையக் கரைய அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற குட்டி அமிலங்கள் உண்டாகின்றன. இதில் பியூட்டிரேட்டைப் பெருங்குடலின் உட்சுவர்ச் செல்கள் அங்கேயே வாங்கி எரித்துவிடும். அவற்றுக்கு வேண்டிய சக்தியில் பெரும்பங்கு அதிலிருந்துதான். ரத்தத்தில் போய்த் தேடினால் பியூட்டிரேட் சொற்பமாகவே கிடைக்கும், ஆனால் அதன் வேலை குடலிலேயே முடிந்திருக்கும். "ரத்தத்தில் எவ்வளவு சேர்ந்தது" என்ற ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு தானியத்தை எடைபோடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இது முதல் காரணம்.

நீங்கள் பார்த்த துணுக்குகள் எவை என்று கேட்டால், பெரும்பாலும் வெளித்தோல். அது கோதுமை மணியின் மழைக்கோட்டு, பாக்டீரியாவுக்கும் அசையாது. அதன் உட்புறம் ஒட்டியிருந்த அலுரோன் செல்களில் பெரும்பகுதி அதற்குள் தின்னப்பட்டிருக்கும். வெளித்தோலும் சும்மா போகவில்லை. தண்ணீரைப் பிடித்துவைத்து, மலத்துக்குப் பருமன் கொடுத்து, குடலை நகர்த்திவிட்டுத்தான் போகிறது.

சரி, கழன்று வந்த ஃபெருலிக் அமிலம் எங்கே போனது? அதையும் பாக்டீரியா விட்டுவைப்பதில்லை. முதலில் ஹைட்ரஜன் ஏற்றும், அப்புறம் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்னச் சின்ன அணுக்கூட்டங்களை ஒவ்வொன்றாக உருவும். கடைசியில் ஃபினைல்புரோப்பியோனிக் அமிலம் போன்ற எளிய உருவங்கள் மிஞ்சும். அவை குடல் சுவர் வழியாக ரத்தத்தில் ஏறிக் கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரல் இவற்றை உணவாகப் பார்ப்பதில்லை, வெளியாளாகப் பார்க்கிறது. மருந்து மாத்திரைக்கு என்ன மரியாதையோ அதேதான் இவற்றுக்கும். சிலவற்றின் மேல் சல்ஃபேட்டையோ குளுக்கரானிக் அமிலத்தையோ ஒட்டி, தண்ணீரில் எளிதாகக் கரையும்படி செய்து சிறுநீரகத்துக்கு அனுப்பும். ஃபினைல்புரோப்பியோனிக் அமிலத்தின் வாலை மட்டும், கொழுப்பு அமிலத்தை எரிக்கும் அதே முறையில் வெட்டிப் பென்சாயிக் அமிலமாக்கும். அதோடு கிளைசின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்து ஹிப்யூரிக் அமிலமாக்கி வெளியேற்றும்.

இந்த ஹிப்யூரிக் அமிலம் பழைய ஆள். 1829இல் லீபிக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் குதிரையின் சிறுநீரில் இதைத் தனிப்பொருளாக அடையாளம் கண்டார். 'ஹிப்போஸ்' என்றால் கிரேக்கத்தில் குதிரை. புல்லும் தானியமும் தின்னும் விலங்கிடம் இது ஏராளமாக இருந்ததில் ஆச்சரியமில்லை. 1842இல் கெல்லர் என்பவர் பென்சாயிக் அமிலத்தைத் தானே விழுங்கி, தன் சிறுநீரிலிருந்தே ஹிப்யூரிக் அமிலத்தைப் பிரித்துக் காட்டினார். உள்ளே போன பொருளை உடம்பு வேறொன்றாக மாற்றி அனுப்புகிறது என்பதற்கு மனிதர்களிடம் கிடைத்த முதல் சில சான்றுகளில் அதுவும் ஒன்று. உங்கள் மகன் வேதியியல் படிக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. படித்தால் இந்தக் கதை அவருக்குப் பிடிக்கும். தவிடு சாப்பிட்ட மறுநாள் சிறுநீரில் ஃபெருலிக் அமிலம் குறைவாக இருக்கும், ஹிப்யூரிக் அமிலமும் அதன் சொந்தக்காரர்களும் கூடியிருப்பார்கள். (பழம், தேநீர், காபி குடித்தாலும் ஹிப்யூரிக் அமிலம் ஏறும். அதனால் இதை மட்டும் அளந்து தவிட்டுக் கணக்கு போட முடியாது.)

லிக்னான் கதை இதைவிடச் சுவாரசியமானது, உங்கள் ஆன்டிபயாடிக் கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. 1980இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே மனிதச் சிறுநீரில் ஒரு புதுப்பொருளைக் கண்டதாக அறிவித்தன. மாதவிடாய்ச் சுழற்சியோடு ஏறி இறங்கியது, கர்ப்பிணிகளிடம் கூடுதலாக இருந்தது. அதுவரை யாரும் அறியாத மனித ஹார்மோனாக இருக்குமோ என்று சந்தேகம் எழுந்தது. பிறகு, குடலில் ஒரு கிருமிகூட இல்லாமல் வளர்த்த எலிகளிடம் அது உண்டாகவே இல்லை என்று தெரிந்தது. ஆக, அதை உடம்பு சுரக்கவில்லை. தானியத்திலும் விதையிலும் இருக்கும் லிக்னானைக் குடல் பாக்டீரியாதான் அப்படி மாற்றியிருக்கிறது. 1982இல் ஆளி விதையிலிருந்து அதன் மூலப்பொருளையும் பிரித்துக் காட்டிவிட்டார்கள். இன்று அதன் பெயர் என்டெரோலாக்டோன். 'என்டெரோ' என்றால் குடல். பிறந்த இடத்தைப் பெயரிலேயே வைத்துவிட்டார்கள்.

அதைச் செய்ய ஒரு பாக்டீரியா போதாது. ஒரு கூட்டம் லிக்னான்மேல் இருக்கும் சர்க்கரையைக் கழற்ற வேண்டும், அடுத்த கூட்டம் மீத்தைல் குழுவை உருவ வேண்டும், எகர்தெல்லா மாதிரியான ஒன்று ஆக்சிஜனை நீக்க வேண்டும், கடைசியில் இன்னொன்று வளையத்தை மூட வேண்டும். இதில் ஒருவர் விடுப்பு எடுத்தாலும் வரிசை அங்கேயே நிற்கும். ஒரே உணவை ஒரே அளவில் சாப்பிட்ட இரண்டு பேரின் ரத்தத்தில் என்டெரோலாக்டோன் பல மடங்கு வித்தியாசப்படுவதற்கு இதுதான் காரணம். வேகமும் நிதானம்தான்: லிக்னானைக் கொடுத்துவிட்டு ரத்தத்தை அளந்துகொண்டே இருந்தால் என்டெரோலாக்டோன் உச்சத்தைத் தொட ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது. இன்று காலையில் சாப்பிட்டது நாளை விடியற்காலையில் ரத்தத்தில் ஏறுகிறது.

இப்போது உங்கள் ஆன்டிபயாடிக். ஆன்டிபயாடிக் எடுத்தவர்களிடம் என்டெரோலாக்டோன் அளவு குறைகிறது என்பதும், அந்தக் குறைவு மருந்தை நிறுத்திப் பல மாதங்கள் வரை தெரியலாம் என்பதும் பின்லாந்தில் பார்த்திருக்கிறார்கள். அதனால் இந்த ஒரு பொருளைப் பொறுத்தவரை உங்கள் குடலில் இப்போது உற்பத்தி கொஞ்சம் படுத்திருக்க வாய்ப்புண்டு. பயப்படும்படி ஒன்றுமில்லை. அதற்காகத் தானியத்தை நிறுத்திவிடாதீர்கள், அவ்வளவுதான். நாரைத் தின்று பிழைக்கும் பாக்டீரியா திரும்பித் தலையெடுக்க நார் வந்துகொண்டிருக்க வேண்டும். வயிறு உப்பினால் நாலு நாள் அளவைக் குறைத்து, பிறகு ஏற்றிக்கொள்ளுங்கள்.

47 வயது என்பதால் இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன். என்டெரோலாக்டோனின் உருவம் ஈஸ்ட்ரோஜனைக் கொஞ்சம் ஒத்திருக்கும். அதன் ஏற்பியில் போய் லேசாக உட்காரவும் செய்யும். இதை வைத்துக்கொண்டு மாதவிடாய் நிற்கும் காலத்துத் தொல்லைக்குத் தவிடு மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது ரொம்பப் பலவீனமான பாவனை.

எல்லாத் தாவரப் பொருளும் பெருங்குடலுக்காகக் காத்திருப்பதில்லை. கோதுமை, ரை (குளிர்நாடுகளில் விளையும் ஒரு தானியம்) ஆகியவற்றின் வெளி அடுக்கில் ஆல்கைல்ரெசார்சினால் என்று நாக்கு சுளுக்கும் பெயரில் ஒன்று இருக்கிறது. கொழுப்பு மாதிரி நீண்ட வால் உள்ளது. அதனால் கொழுப்போடு கொழுப்பாகச் சிறுகுடலிலேயே ஏறி, நிணநீர் வழியாக ரத்தத்துக்கு வந்துவிடுகிறது. சுமார் ஐந்து மணி நேரத்தில் பாதியாகி, கல்லீரலில் வால் நறுக்கப்பட்டுச் சிறுநீரில் வெளியேறும். தீட்டிய மாவில் இது அனேகமாகக் கிடையாது, அரிசியிலும் ஓட்ஸிலும் சொல்லும்படி இல்லை. எனவே ஒருவர் நிஜமாகவே முழுக்கோதுமை சாப்பிட்டாரா என்று ஆய்வாளர்கள் ரத்தத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். வால் நீளங்களின் விகிதத்தை வைத்து அது கோதுமையா ரையா என்றுகூடப் பிரிக்கலாம். (என் அனுபவத்தில், உணவு டைரியில் முழுத்தானியம் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே எழுதப்பட்டிருக்கும்.)

அப்படியானால் கேப்சூல்? மகன் சொன்னது ஒரு வகையில் சரி. தனியாகப் பிரித்த ஃபெருலிக் அமிலத்தை விழுங்கினால் நன்றாகவே ஏறும், அதுவும் வேகமாக. அதேபோல் கல்லீரலும் வேகமாகச் சல்ஃபேட் ஒட்டும், சில மணி நேரத்தில் சிறுநீரில் இறங்கிவிடும். பெருங்குடல் வரை போய்ச் சேருவது அற்பம். நாரோடு சேர்ந்து போவதோ, வழிநெடுகக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்து ஒரு நாள் முழுக்க வந்துகொண்டிருக்கும், கூடவே நாரும் புளித்து பியூட்டிரேட் கொடுக்கும். கேப்சூலில் இரண்டாவது பாதி இல்லை.

கேப்சூல் டப்பாவின் மேல் 'ஆன்டிஆக்சிடன்ட் சக்தி இத்தனை' என்று ஒரு எண் போட்டிருந்தால் அதைக் கண்டுகொள்ளாதீர்கள். அந்த எண் சோதனைக் குழாயில் எடுத்தது. நம் ரத்தத்தில் ஓடுவதோ சல்ஃபேட் ஒட்டி, உரு மாறி, மிகக் குறைந்த செறிவில் இருக்கும் வேறு பொருள். அமெரிக்க வேளாண்துறையே உணவுப்பொருள்களுக்கு இப்படி எண் போட்டு வைத்திருந்த தன் பட்டியலை, உடல் நலனோடு அதற்குத் தொடர்பில்லை என்று 2012இல் எடுத்துவிட்டது. முழுத்தானியம் சாப்பிடுகிறவர்களுக்கு மாரடைப்பு, இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், பெருங்குடல் புற்றுநோய் ஆகியவை குறைவாக வருவதாகப் பெரிய மக்கள் ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. அவை எல்லாமே தானியத்தைச் சாப்பிட்டவர்களைப் பற்றியவை, தானியத்திலிருந்து பிரித்த பொடியைப் பற்றியவை அல்ல. தனிப்பொருள் என்று பார்த்தால் கையில் உறுதியான சான்று உள்ளது ஓட்ஸ், பார்லியிலுள்ள பீட்டா குளுக்கான் என்ற நாருக்குத்தான்: நாளைக்கு 3 கிராம் சாப்பிட்டால் கெட்ட கொழுப்பு குறைகிறது. அதுகூட ரத்தத்தில் ஏறி வேலை செய்வதில்லை. குடலில் கூழாக நின்று பித்த அமிலத்தை இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. இழந்த பித்தத்தை மறுபடி செய்யக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொழுப்பை எடுத்துக்கொள்கிறது.

நீங்கள் கையில் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்று அரைப்பு. ஆளி விதையில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்: மாவாக அரைத்துச் சாப்பிட்டவர்களுக்குக் கிடைத்த என்டெரோலிக்னானில் (லிக்னானிலிருந்து குடல் பாக்டீரியா செய்யும் என்டெரோலாக்டோன் வகைப் பொருள்கள்), முழு விதையாக விழுங்கியவர்களுக்கு 28 சதவீதமும் நொறுக்கிச் சாப்பிட்டவர்களுக்கு 43 சதவீதமும்தான் கிடைத்தது. தவிட்டிலும் துணுக்கு சிறிதாக இருந்தால் பாக்டீரியாவுக்குப் பிடி அதிகம். மலத்தில் துணுக்குகள் கண்ணுக்குத் தெரியும் அளவில் வருகிறதென்றால், இன்னும் கொஞ்சம் நைசாக அரைத்ததை வாங்குங்கள் அல்லது நிதானமாக மெல்லுங்கள். ஒரேயடியாக நைசாக்கினால் மாவுச்சத்தும் வேகமாகச் செரித்து ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். சர்க்கரை நோய் இருந்தால் கொரகொரப்பே மேல்.

இனி இரும்பு. உங்கள் கடிதத்தில் எனக்குக் கொஞ்சம் கவலை கொடுத்த வரி அதுதான். ஃபைட்டிக் அமிலம் என்ற தாவரப் பொருளும் தவிட்டில்தான் குவிந்திருக்கிறது. விதை தன் பாஸ்பரஸைச் சேமித்துவைக்கும் வடிவம் அது. அதன் ஆறு பாஸ்பேட் கைகளும் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துக்கொள்ளும். நம் சிறுகுடலில் அதை உடைக்கும் நொதி பெயரளவுக்குத்தான் உண்டு. பெருங்குடல் பாக்டீரியா உடைத்துவிடும், ஆனால் இரும்பு உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கத்தில். பெருங்குடலில் விடுதலையாகி என்ன பயன், ரயில் போயாயிற்று. எனவே இரும்பு மாத்திரையைத் தவிடு நிறைந்த சாப்பாட்டோடு போடாதீர்கள். இரண்டு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள், தேநீர் காபியையும் அந்த நேரத்தில் ஒதுக்குங்கள். சாப்பாட்டில் இருக்கும் இரும்புக்கு வைட்டமின் சி உள்ள பழமோ காயோ கூட இருந்தால் ஃபைட்டிக் அமிலத்தின் பிடி தளரும்.

தானியத்தை ஊறவைப்பதும் முளைகட்டுவதும் மாவைப் புளிக்கவைப்பதும் இதற்கு உதவும். கோதுமையிலும் ரையிலும் ஃபைட்டிக் அமிலத்தை வெட்டும் நொதி அவற்றுக்குள்ளேயே இருக்கிறது. ஈரமும் லேசான புளிப்பும் கிடைத்ததும் அது விழித்துக்கொள்ளும். ஓட்ஸில் அந்த நொதி இயல்பாகவே குறைவு. ஆலையில் ஆவி காட்டியதில் இருந்ததும் போய்விடும். அதனால் ஓட்ஸை வெறுமனே ஊறவைத்துவிட்டு ஃபைட்டிக் அமிலம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக ஒன்று. ரத்தசோகை ஏன் வந்தது என்று யாராவது பார்த்தார்களா? கடிதத்தில் அது இல்லை. மாதவிடாய் அதிகமாகப் போகிறதா, இரைப்பையிலோ குடலிலோ எங்காவது கசிகிறதா என்று மருத்துவரிடம் கேட்டு, ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தச் சோதனை) அளவையும் பார்த்துவிடுங்கள். மலம் கறுப்பாக வந்தால், அது இரும்பு மாத்திரையாலும் ஆகலாம் என்று நீங்களே முடிவுகட்டாமல் அவரிடம் சொல்லுங்கள். தவிட்டின் மேல் பழி போடுவதா வேண்டாமா என்பதை அதற்கப்புறம் யோசிக்கலாம்.